விதியின்மீது பழி

சாலையில் ஒருவன் மாண்டால், "விதி முடிந்தது" என்போரை நாம் அறிவோம். அமெரிக்க மோட்டார் முதலாளிகளோ, எல்லாம் ஓட்டியவன் குற்றமே என்றனர். பழி சுமக்க ஆள் கிடைத்தான், சாவு குறையவில்லை.

1965-இல் ரால்ப் நாடர் என்னும் இளம் வழக்கறிஞர் நூலொன்று எழுதினார். மோதலில் ஓட்டுநரின் மார்பைத் துளைக்கும் ஸ்டியரிங் தண்டை அமைத்தவன் யார் என்று கேட்டார். கேள்விக்கு விடையளிக்க வேண்டிய ஜெனரல் மோட்டார்ஸ், துப்பறிவோரை ஏவி அவரது ஒழுக்கத்தில் மாசு தேடிற்று. (பணம் படைத்தோரின் பழைய வித்தைதானே இது!) மாசு அகப்படவில்லை, ஏவியவர்தாம் அகப்பட்டனர். 1966 மார்ச்சில் அந்நிறுவனத் தலைவரே செனட் குழுவின் முன் மன்னிப்புக் கோரினார். செப்டம்பரில், வாகனப் பாதுகாப்புக்கான தரத்தை அரசே வகுக்கும் சட்டம் பிறந்தது. 1968 முதல் அங்கு செய்யப்பட்ட கார்களில், மோதலின் விசைக்கு விட்டுக்கொடுக்கும் தண்டு கட்டாயமாயிற்று.