வாக்கெடுப்பு நிலையத்துக்கு வெளியே நடப்பதை யார் பார்ப்பது?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில், கண்டி நகரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இருக்கிறது அக்குறணை. முஸ்லிம்கள் செறிந்து வாழும் வர்த்தக ஊர். இங்கும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் உள்ளூர்க் கண்காணிப்பாளனாகப் பல தேர்தல்களில் கடமையாற்றியிருக்கிறேன். நிலையத்தினுள் வாக்களிப்பு பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. எங்கள் சிக்கல்கள் வாசலுக்கு வெளியேதான் தொடங்குகின்றன.

இலங்கையில் பெவ்ரல் அமைப்பு 1987இலும், தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் 1997இலும் உருவாகின. எனினும் 2001 டிசம்பர் 5 பாராளுமன்றத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். அன்று இதே கண்டி மாவட்டத்தின் உடத்தலவின்னையில் 10 முஸ்லிம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் வன்னியிலும் மட்டக்களப்பிலும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து வாக்களிக்க வந்த தமிழ் மக்கள், சோதனைச்சாவடிகள் மூடப்பட்டதால் திரும்பிப் போனார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. இரண்டு அநீதிகளுமே வாக்குப்பெட்டி இருந்த அறைக்கு வெளியே நடந்தவை.

சட்டத்தில் இடமில்லை

வேட்பாளரின் முகவர் நிலையத்தினுள் இருப்பது சட்டம் தந்த உரிமை. கண்காணிப்பாளர் தேர்தல்கள் ஆணைக்குழுவின் அனுமதியில்தான் உள்ளே போகிறார். அனுமதி அட்டை இருந்தாலும் எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைத் தலைமை தாங்கும் அலுவலரே தீர்மானிக்கிறார்.

ஊருக்குள் ஒருவர்

உள்ளூர்க் கண்காணிப்பாளருக்கு ஊர் தெரியும். ஊருக்கும் அவரைத் தெரியும். அவருடைய மாமா எந்தக் கட்சி, கடை யாருடையது என்பதெல்லாம் தெரியும். முறைப்பாடு செய்த மறுநாளும் அதே தெருவில்தான் அவர் நடக்கவேண்டும். 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகுமுன்பே திகனையிலும் அக்குறணையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. அதைக் கண்ட ஊரில், "சாட்சி சொல்ல வாங்க" என்று ஒருவரை அழைப்பது இலேசான காரியமல்ல.

மொழியும் பணமும்

பொலிஸில் முறைப்பாடு பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. தமிழில் சொன்னவர், தான் வாசிக்க முடியாத பக்கத்தில் கையொப்பமிடுகிறார். தொண்டருக்குக் கிடைப்பதோ பயணச் செலவும் சாப்பாடும்தான். நன்கொடை குறைந்தால் முதலில் கைவிடப்படுவது தூரத்துத் தோட்டப்புற நிலையங்கள்.

புதிய வேலை

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பின், 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மேடையையும் பதாகையையும் எண்ணலாம். முகநூல் விளம்பரத்துக்கும் இரவில் வீடு தேடி வரும் உலருணவுப் பொதிக்கும் யார் கணக்கு வைப்பது?

எனவே, கண்காணிப்பாளரின் உரிமை சட்டத்தில் எழுதப்படவேண்டும். அதுவரை வாக்காளரும் கண்ணைத் திறந்து வைத்திருக்கவேண்டும். நேரம், இடம், வாகன இலக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதித்தரக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறாமல் பொலிஸ் நிலையத்தை விட்டு வெளியேறாதீர்கள். இலக்கம் இல்லாத முறைப்பாட்டை, தேர்தல் முடிந்த பிறகு எவரும் தேடுவதில்லை.