ஏழு எழுத்து கேட் பாஸ்

தென்னாப்பிரிக்காவில் ஜெனோபஸ் என்று ஒரு தவளை உண்டு. ஒரு காலத்தில், பெண்ணின் சிறுநீரை அதற்கு ஊசியில் ஏற்றுவார்கள். தவளை முட்டையிட்டால் அந்தப் பெண் கர்ப்பம்! இந்தத் தவளைக்கு 1982ல் கேம்பிரிட்ஜில் இன்னொரு வேலை வந்தது.

விஷயம் இதுதான். செல்லுக்குள் நியூக்ளியஸ். மரபணுக்கள் பத்திரமாக இருப்பது அங்கே. ஆனால் புரோட்டீன்கள் தயாராவது வெளியே. உள்ளே வேலை இருக்கிற புரோட்டீன் எப்படி உள்ளே போகிறது? நியூக்ளியஸ் உறையில் துளைகள் இருப்பதை 1950லேயே காலன், டாம்லின் இருவரும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். பொடிசுகள் தானாக நழுவிவிடும், சரி. பெரிசுகள்? தற்செயலாக நுழைந்து அங்கேயே ஒட்டிக்கொள்கின்றனவா, இல்லை, வாசலில் யாராவது பார்த்து அனுப்புகிறார்களா?

காலின் டிங்வாலும் ரான் லாஸ்கியும் (விஞ்ஞானிகளைக் கிண்டலடித்துப் பாட்டெழுதிப் பாடிய ஆசாமி இவர்) தவளையின் நியூக்ளியோபிளாஸ்மின் என்ற புரோட்டீனை எடுத்தார்கள். அதற்கு ஐந்து வால். எல்லாவற்றையும் நறுக்கிவிட்டு முட்டை செல்லுக்குள் செலுத்தினால், நியூக்ளியஸுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. வெறும் வால் மட்டும் ஜோராக உள்ளே போனது. ஒரே ஒரு வாலை மிச்சம் வைத்தால்? மொத்த உடம்பும் உள்ளே! வாலில்லாததை நேராக நியூக்ளியஸில் போட்டார்கள். அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது. ஆக, தங்குவதற்கு வால் தேவையில்லை. நுழைவதற்குத்தான் தேவை. ஃபாக்டரி கேட் பாஸ் மாதிரி.

அந்த பாஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதை 1984ல் லண்டனில் டேனியல் கால்டெரான், ஆலன் ஸ்மித் குழு படித்தது. ஒரு குரங்கு வைரஸின் புரோட்டீன். 700க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஏழே ஏழுதான் பாஸ். அதில் ஒன்றை மாற்றினாலே புரோட்டீன் வெளியே நின்றது. நியூக்ளியஸ் பக்கமே எட்டிப் பார்க்காத கோழிப் புரோட்டீன் ஒன்றில் அந்த ஏழையும் ஒட்டினார்கள். அதுவும் உள்ளே போய்விட்டது.

வெளியே வருவதற்கும் தனி பாஸ் உண்டு என்பது 1995ல் தெரிந்தது. உள்ளே அழைத்துப் போகிறவர் இம்போர்ட்டின், வெளியே கொண்டுவிடுகிறவர் எக்ஸ்போர்ட்டின். காமர்ஸ் படித்தவன் காதுக்கு இதமான பெயர்கள்!

ஆனால் ஆபத்தும் இங்கேதான். செல் கண்டபடி பெருகாமல் தடுக்கிற காவல் புரோட்டீன்கள் நியூக்ளியஸில் இருக்கின்றன. பல கேன்சர் செல்கள் எக்ஸ்போர்ட்டினை அளவுக்கு மீறி உற்பத்தி செய்து, அந்தக் காவலாளிகளை வெளியே தள்ளிவிடுகின்றன. 2019ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த செலினெக்ஸார் மாத்திரை, எக்ஸ்போர்ட்டினின் கையைக் கட்டிப்போடுகிறது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில், பல மருந்துகளும் கைவிட்டவர்களுக்காக முதலில் வந்தது. குமட்டல், வாந்தி, பசியின்மை, ரத்தத் தட்டணுக்கள் குறைவது எல்லாம் கூடவே வரும். நல்ல செல்லுக்கும் அதே எக்ஸ்போர்ட்டின்தானே!