செல்போர்ன் தோட்டத்து இளவேனில்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியரின் இயற்கை வரலாறு பெரிதும் இறந்த உடல்களைக் கொண்டே எழுதப்பெற்றது. சுட்டு வீழ்த்திய பறவையைப் பதப்படுத்தி, அலகையும் சிறகையும் அளந்து, இலத்தீனில் பெயரிடுவது அறிஞர்தம் தொழிலாயிருந்தது. அந்நாளில், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரிலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில், உயிருள்ளவற்றை அவை வாழுமிடத்திலேயே கண்டு எழுதியவர் கில்பர்ட் ஒயிட் (1720-1793). திருச்சபையில் துணைக்குருவாகப் பணியாற்றியவர், மணம் செய்துகொள்ளாதவர். 1751இல் அவர் தொடங்கிய ஏடு வெறும் தோட்டக் கணக்கே. விதைத்த நாளும் காய் பறித்த நாளும் அதில் நிறைந்திருந்தன. 1768 முதல் எழுதிய நாட்குறிப்பிலோ, இளவேனிலில் முதலில் மலர்ந்த பூவும் முதலில் வந்த பறவையும் இடம்பெற்றன. இறப்பதற்குச் சில நாள் முன்வரை அவ்வழக்கம் நிற்கவில்லை.

அவருடைய முதன்மைக் கருவி செவி. பசுமஞ்சள் நிறக் கதிர்க்குருவிகள், தோற்றத்தில் ஒன்றுபோலிருந்தமையால், ஒரே இனமென மயங்கப்பட்டன. அவற்றின் பாட்டு மூவகைப்படுவதை ஒயிட் கேட்டறிந்தார். ஒன்று இரண்டே ஒலியைத் திரும்பத் திரும்பக் கூறும். ஒன்று இனிமையாய்ப் பாடும். மற்றொன்று மர உச்சியிலிருந்து வெட்டுக்கிளி போல் சீறும். பின்னர் உடல்களையும் ஒப்பிட்டு, இனங்கள் மூன்று எனத் தாமஸ் பென்னன்டுக்கு 1768இல் எழுதினார். பாட்டு இங்கே சான்றாயிற்று. கவிஞர்கள் இதைக் கருதிப் பார்க்கலாம்.

தேனீக்கு ஓசை கேட்குமா என்றறிய, தம் தேன்கூட்டருகே பெரிய ஊதுகுழலை வைத்துக் கூவியதும் உண்டு. தேனீக்களோ தம் வேலையை விடவில்லை.

சிள்வண்டுகளிடம் அவருக்குத் தனிப்பற்று. ஊரின் பின்புறத்தே, மாலை வெயில் விழும் கற்பாங்கான சரிவில் அவை வளை தோண்டி வாழ்ந்தன. மண்வெட்டியால் தோண்டினால் பூச்சி நசுங்கும். வளையும் புல்தண்டொன்றை உள்ளே விட்டால் தானே வெளிவரும் என்று கண்டார். அவ்விசையைத் தம் தோட்டத்தில் கேட்கும் ஆசையால், புற்சரிவில் ஆழமாகத் துளையிட்டுச் சிலவற்றைக் குடியேற்றினார். அவை சிலகாலம் உண்டன, பாடின; பிறகு சிறிது சிறிதாக விலகிச் சென்றன. நாள்தோறும் காலையில் பாட்டு மேலும் தொலைவிலிருந்து கேட்டது.

இத்துணைக் கூர்மையுடையவர் தகைவிலான் குருவியிடம் தடுமாறினார். ஏப்ரலில் வரும் ஓரிரு குருவிகள் பனி மிகுந்ததும் மறைவதைக் கண்டவர், அவை எங்கோ அருகில் ஒளிந்து உறங்குவனவாகலாம் என ஐயுற்றார். ஜிப்ரால்டரில் குருவாயிருந்த தம்பி ஜான், பறவைகள் நீரிணையைக் கடப்பதைக் கண்டு எழுதியிருந்தும் அவ்வெண்ணம் அகலவில்லை. 1781இல் ஆள் வைத்துச் சரிவுகளைத் தேடுமளவுக்குச் சென்றது. தோட்டத்துள் கண்டதை அவர் நம்பினார்; வேலிக்கு அப்பாலுள்ளதைத் தம்பியின் கண்ணால் காண முழுமனம் கொள்ளவில்லை. ஆயினும் தேடிக் கிடைக்காததைக் கிடைத்ததாக அவர் ஒருபோதும் எழுதவில்லை. அக்கடிதங்கள் 1789இல் நூலாயின.

அவர் தோட்டத்தில் தங்க மறுத்த அச்சிள்வண்டினம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் மேற்கு சசெக்ஸின் ஓரிடத்தில் மட்டுமே எஞ்சியது. அங்கிருந்து எடுத்து வேறு சரிவுகளில் குடியேற்றும் முயற்சி பின்னர்த் தொடங்கியது.