எஸ்போசிட்டோ: கைவிடப்பட்ட குழந்தைகளின் குடும்பப் பெயர்

இத்தாலியில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்று எஸ்போசிட்டோ. தெற்கே நேப்பிள்ஸ் நகரிலும் அதனைச் சூழ்ந்த கம்பானியா மாநிலத்திலும் இப்பெயர் கொண்டோர் மிகுதி. தொழில், ஊர், உடல் தோற்றம் ஆகியவற்றிலிருந்து தோன்றிய ஏனைய பல இத்தாலியப் பெயர்களைப் போலன்றி, இது ஒரு சமூக அவலத்தின் பதிவாகும்.

சொல்லின் வேர்

வெளியே வைக்கப்பட்டவர் என்று பொருள்படும் 'எக்ஸ்போசிட்டுஸ்' என்ற லத்தீன் சொல்லே இதன் மூலம். பெற்றோரால் தேவாலய வாசலிலோ அறநிலையங்களிலோ விட்டுச் செல்லப்பட்ட குழந்தைகளை அச்சொல் குறித்தது. ஸ்பெயினில் வழங்கும் எக்ஸ்போசித்தோ என்ற குடும்பப் பெயரும் இதே வேரிலிருந்து பிறந்ததே.

நேப்பிள்ஸின் சுழல் தொட்டில்

நேப்பிள்ஸில் இக்குழந்தைகளை ஏற்றுக்கொண்ட முதன்மையான நிறுவனம் அனுன்சியாட்டா அறநிலையம். அதன் சுவரில் மரத்தாலான சுழலும் உருளை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. வெளியிலிருந்து குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால், உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். கொண்டு வந்தவர் யார் என்பது தெரியாது.

திருமணத்திற்கு வெளியே பிறந்தவை மட்டுமன்றி, வறுமையால் வளர்க்க இயலாத தம்பதியரின் குழந்தைகளும் அங்கு விடப்பட்டன. என்றேனும் மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில், அடையாளமாகப் பாதி நாணயத்தையோ பதக்கத்தையோ குழந்தையுடன் வைத்துச் சென்றவர்களும் உண்டு. இந்தச் சுழல் தொட்டில் 1875இல் மூடப்பட்டது.

ஏனைய நகரங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. புளோரன்சில் 1445இல் திறக்கப்பட்ட இன்னொசெந்தி இல்லத்தின் பெயரால் இன்னொசெந்தி என்ற குடும்பப் பெயர் உருவானது. மிலான் மருத்துவமனையின் சின்னம் புறா. ஆகவே அங்கு வளர்ந்த குழந்தைகள் புறாவைக் குறிக்கும் கொலொம்போ என்ற பெயரைப் பெற்றனர். ரோம் பகுதியில் வழங்கும் புரொயெத்தி என்ற பெயருக்கு எறியப்பட்டவர் என்பது பொருள்.

அரசின் தலையீடு

இத்தகைய பெயர் ஒருவரின் பிறப்பை வாழ்நாள் முழுவதும் பறைசாற்றியது. திருமணப் பேச்சிலும் வேலை தேடும்போதும் பெயரைச் சொல்வதே தன் கதையைச் சொல்வதாயிற்று. நெப்போலியனின் மைத்துனரும் நேப்பிள்ஸின் மன்னருமான ஜோவாக்கிம் மியூரா, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போசிட்டோ என்று பெயரிடுவதை 1814இல் தடை செய்தார். ஆயினும் முன்னரே அப்பெயரைப் பெற்றிருந்தவர்களின் வழித்தோன்றல்களிடம் அது நிலைத்துவிட்டது.

இன்றைய இத்தாலியச் சட்டமும் இதே கொள்கையைப் பின்பற்றுகிறது. பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு, அதன் பிறப்பின் பின்னணியை உணர்த்தும் பெயரையோ குடும்பப் பெயரையோ சூட்டலாகாது என்று 2000ஆம் ஆண்டின் குடிசார் பதிவு விதிகள் கூறுகின்றன. திருமணத்திற்குள் பிறந்த குழந்தைகளுக்கும் வெளியே பிறந்தவர்களுக்கும் இடையே எஞ்சியிருந்த சட்ட வேறுபாடுகளை 2012ஆம் ஆண்டின் சட்டம் நீக்க வழிசெய்தது. தந்தையின் பெயரே தானாகக் குழந்தைக்கு வரும் என்ற நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என 2022இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரே பெயர், பல வேர்கள்

எஸ்போசிட்டோ என்ற பெயர் கொண்ட இருவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. அவர்களை இணைப்பது ஒரு பொது மூதாதையரின் குருதி அன்று. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு குழந்தைகளுக்கு ஒரே பெயரை எழுதிய பதிவேடுதான். இப்பெயர் இவ்வளவு பெருகியதற்கும் அதுவே காரணம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தென் இத்தாலியர் பெருமளவில் புலம்பெயர்ந்தபோது, இப்பெயர் அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றது. கனடாவின் பனி ஹாக்கி வீரர் பில் எஸ்போசிட்டோ, அமெரிக்க நடிகர் ஜான்கார்லோ எஸ்போசிட்டோ ஆகியோர் இப்பெயரை உலகறியச் செய்தவர்கள். இழிவின் அடையாளமாகச் சூட்டப்பட்ட பெயர், அதைச் சுமந்தவர்களின் உழைப்பால் அவ்விழிவை இழந்துவிட்டது. அதைச் சட்டம் மட்டும் சாதித்திருக்க இயலாது என்பது குறிப்பிடத்தக்கது.