தலைவி என்னும் சொல்லும் அனிதா பால்துரையும்

‘கூடைப்பந்து’ என்னும் சொல் பைராம் தோட்டத்து மாணவர்க்கும் சென்னை மாணவர்க்கும் ஒன்றே. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளை மாட்டி இவ்வாட்டத்தை வகுத்தார். மறு ஆண்டே செண்டா பெரென்சன் அதனைப் பெண்களுக்குக் கற்பித்தார். கூடை வலையாகிவிட்டது, சொல் மட்டும் கூடையை விடவில்லை.

‘தலைவி’ என்னும் சொல்லோ நெடுவழி நடந்தது. சங்க அகப்பாடல்களில் அவள் பெரும்பாலும் காத்திருப்பவள். 1985இல் சென்னையில் பிறந்த அனிதா பால்துரை, 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைவியானார். 2000 முதல் 2017 வரை நாட்டுக்காக ஆடினார்; ஒன்பது ஆசியப் போட்டித்தொடர்களைக் கண்டார்.

ஆயினும் அவரைத் ‘தொழில்முறை வீராங்கனை’ என்றெழுத நம் கை சற்றே தயங்குகிறது. அமெரிக்க மகளிர்க்கு 1997 முதலே தொழில்முறைத் தொடர் ஒன்று நடந்துவருகிறது. இந்திய மகளிர்க்கு அத்தகைய நிலைத்த தொடர் வாய்க்கவில்லை. ஆட்டம் அனிதாவுக்குப் பெயர் தந்தது. வாழ்வூதியம் தந்தது தென்னக இரயில்வேப் பணி. கேரளத்தின் கீது அன்னா ஜோஸும் அப்பணியில் இருந்தவரே. 2011இல் அமெரிக்க அணிகளின் தேர்வுக்குச் சென்ற அவருக்கும் இடம் கிட்டவில்லை.

மகப்பேற்றோடு களம் நீங்குவோர் பலர். அனிதா மீண்டு வந்தார். 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை இந்தியா வென்றபோது அவர் அணியில் இருந்தார். பத்மஸ்ரீ விருது வந்தது 2021இல், ஆடி முடித்த பிறகு.