அடுக்களையும் வரலாறே

அடுக்களைக்கும் வரலாற்றுக்கும் யாது தொடர்பு என்று வினவுவோர் உளர். நம் சமுதாய வரலாற்றை எழுதப் புகுந்தோர் மரக்கலங்களைப் பற்றி எழுதினர். மார்க்க மேதைகளையும் புலவர்களையும் பற்றி எழுதினர். வள்ளல்களின் கொடையை விரித்துரைத்தனர். ஆனால், கடல் கடந்து போனவர் திரும்பி வரும்வரை வீட்டில் உலை கொதிக்கச் செய்தவர் யார், எதைக் கொண்டு கொதிக்கச் செய்தார் என்பதை எழுதிவைத்தவர் அரியர். காரைக்காலை முன்வைத்து இதனைச் சிறிது சிந்திப்போம்.

காரைக்கால் என்றதும் தமிழுலகம் நினைவுகூரும் பழங்கதையே ஓர் அடுக்களைக் கதைதான். பசியோடு வந்த அடியாருக்குச் சோறு ஆயிற்று, கறி ஆகவில்லை. கணவர் கொடுத்தனுப்பியிருந்த மாங்கனிகள் இரண்டனுள் ஒன்றைச் சோற்றுக்குத் துணையாகப் புனிதவதியார் படைத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. சமயம் வேறாயினும், இருப்பதைக் கொண்டு விருந்தோம்பிய அந்தச் சமயோசிதம் நம் உம்மாமாருக்கும் உரியதே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை உணவுக்குத் தொடுகறி கேட்டபோது, வீட்டில் காடியைத் தவிர வேறொன்றுமில்லை என்றனர். அதனையே வருவித்து, அது நல்ல தொடுகறி என்று பாராட்டியவாறே உண்டார்கள் என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். இல்லாததை எண்ணி வருந்தாமல் உள்ளதைச் சிறப்பிக்கும் பண்பு அது.

அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த காரைக்கால் 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இச்சிறு நிலம் புதுச்சேரிக்கு நெற்களஞ்சியமாய் விளங்கியது. பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தமையால் இங்கிருந்து சைகோன் செல்லும் வழி எளிதாயிற்று. நம்மவர் பலர் அங்கே துணி வணிகமும் பிற வணிகமும் செய்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் சைகோனில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. ஆடவர் பொருளீட்டக் கடல் கடந்தனர். பணம் வரும் மாதமும் உண்டு, வாராத மாதமும் உண்டு. வாராத மாதத்தை நடத்தும் பொறுப்பு அடுக்களையின்மீது விழுந்தது.

இன்று நாம் பெருமையோடு உண்ணும் பண்டங்கள் சிலவற்றை உற்று நோக்கினால், இந்தச் சிக்கனத்தின் முத்திரை தெரியும். நோன்புக் கஞ்சிக்கு ஏற்றது முழு அரிசியன்று, குருணை. நெல் குத்தும்போது உடைந்து, சோற்றுக்கு உதவாது என ஒதுக்கப்பட்டதை வெந்தயமும் இஞ்சியும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சினர். நால்வருக்குக் கறியாக்கப் போதாத இறைச்சியைக் கொத்திப் போட்டால், நாற்பது பேர் பருகும் கஞ்சிக்கு அது மணம் தந்தது. தாளிச்சாவும் அத்தகையதே. நெய்ச்சோற்று விருந்துக்கு நல்ல கறியை எடுத்தபின் எஞ்சிய எலும்பும் கொழுப்பும் பருப்போடும் புளியோடும் சேர்ந்து மற்றொரு குழம்பாயின. கத்தரிக்காயோ, வாழைக்காயோ, சுரைக்காயோ, மாங்காயோ, கொல்லையில் எது காய்த்ததோ அதுவே அதற்குப் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், கடல் சீறும், மீன் வாராது. வெயில் நாளில் உலர்த்திவைத்த கருவாடு அப்போது கைகொடுக்கும். மாலத்தீவிலிருந்து வணிகர் கொணர்ந்த மாசியும் அவ்வாறே. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்திய பொருள் அது. சிறு துண்டை இடித்துத் தேங்காயும் மிளகாயும் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் சோற்றுக்குச் சம்பல் ஆகிவிடும். அந்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக நம் கரைக்கு வந்ததுதான். ஆகவே, நம் மரபு என்று நாம் போற்றுவதும் ஒரு காலத்தில் கைக்கு எட்டியதை ஏற்றுக்கொண்ட புதுமையே.

இத்திறமைக்குக் கடுஞ்சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1941இல் ஜப்பானியப் படை தென் இந்தோசீனாவில் புகுந்தது. 1942 மார்ச்சு மாதம் இரங்கூன் வீழ்ந்தது; பர்மா அரிசி நின்றது. அடுத்த ஆண்டு வங்காளம் பெரும்பஞ்சத்தில் மடிந்தது. அரிசியின் விலை ஏற, சோறு கஞ்சியாயிற்று. அரிசியையே நம்பியிருந்த தமிழ் வீடுகள் கேழ்வரகையும் கம்பையும் மரவள்ளிக் கிழங்கையும் நாடின. வேலியோரத்து முருங்கைக் கீரை அன்றாடக் கறியாயிற்று. பின்னர் 1975இல் சைகோன் வீழ்ந்தபோது, கடையையும் உடைமையையும் இழந்து திரும்பியவர்களுக்கும் யாரோ ஒருவர் உலை வைத்தே தீரவேண்டியிருந்தது. போரின் தேதிகள் நூல்களில் உள்ளன. அந்த உலைகளின் கணக்கு எந்நூலில் உள்ளது?

இக்கேள்வி வெறும் ஏக்கத்தால் எழுந்ததன்று. இன்று வலீமா விருந்து முடிந்தபின் குப்பையில் குவியும் சோற்றைக் காண்கிறோம். எஞ்சியதை என்ன செய்வது என்றறிந்த கைகள் குறைந்துவருகின்றன. செய்முறையை அளவுகளோடு அச்சிட்ட நூல்கள் பல உள; ஆனால் ஒரு பொருள் இல்லாதபோது அதனிடத்தில் எதை இடலாம் என்ற அறிவு அந்நூல்களில் அடங்கவில்லை. அது வயது முதிர்ந்த பெண்களின் கைப்பக்குவத்தில் தங்கியிருக்கிறது. அவர்களோடு ஒவ்வொன்றாக மறைகிறது.

ஆகவே இளையோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உம்மாவிடமும் அவரைப் பெற்றவரிடமும் குறிப்பேட்டோடு சென்று அமருங்கள். எப்படிச் சமைப்பது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “இதை எது இல்லாத நாளில் சமைக்கத் தொடங்கினீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையில் ஒரு போரும் இருக்கலாம். வாராத கடிதமும் இருக்கலாம். மழையில் மூழ்கிய வயலும் இருக்கலாம். அதை ஆண்டோடு எழுதி வையுங்கள். அதுவும் நம் சமுதாயத்தின் வரலாறே.