களவெட்டியும் சோதனைச்சாவடியும்

கிழக்கிலங்கை வேளாண்மையைப் பற்றி எழுதுவோர் வட்டை, வாய்க்கால், களவெட்டி, போடியார் என்று நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால், விளைந்த நெல்லைக் கொண்டு செல்வதே குற்றமாகக் கருதப்பட்ட ஒரு காலத்துக்கு உரிய கவனம் கொடுக்கப்படவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் நெல் சந்தைப்படுத்தும் சபையை உருவாக்கியது. சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் நோக்கம் தவறானதல்ல. இடைத்தரகரை ஒதுக்கி, விவசாயிக்கு நிச்சயமான விலை கொடுத்து, கூப்பன் அரிசியைத் தட்டுப்பாடின்றி வழங்க வேண்டும் என்பதே அது. 1973இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியதும் நிலைமை மாறிற்று. கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது. நெல்லையும் அரிசியையும் தனியார் கொண்டு செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. 1971 மார்ச் தொடக்கம் 1977 பெப்ரவரி வரை நாட்டில் அவசரகாலச் சட்டமும் இருந்தது.

அக்காலத்தை அறிந்த மூத்தோரைக் கேட்டால், முதலில் சொல்வது வீதித் தடைகளைத்தான். பஸ்ஸை மறித்துப் பைகளைச் சோதித்தார்கள். கொழும்பிலிருக்கும் பிள்ளைக்குச் சொந்த வயல் அரிசியில் சில கொத்துக் கொண்டுபோன தாயும் ‘அரிசிக் கடத்தல்’காரியானாள்.

இதன் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. 14 ரூபாவாக இருந்த ஒரு புசல் நெல்லின் உத்தரவாத விலை, அந்த ஆட்சியில்தான் 33 ரூபாவுக்கு உயர்ந்தது. அதனால் ஒரே ஊரில் ஒருவர் அக்காலத்தை வாழ்த்துகிறார், இன்னொருவர் சபிக்கிறார். இருவர் சொல்வதும் உண்மையே.

1977இல் ஆட்சி மாறியபின் வர்த்தகம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. காலப்போக்கில் சபை நலிந்தது. நெல்லைச் சேமிக்கும் வல்லமை பெரிய ஆலைக்காரரிடம் சேர்ந்தது. தண்டனை மட்டும் சட்டப் புத்தகத்தில் தொடர்ந்தது. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பதுக்கலைக் குற்றமாக்கிற்று. 2021 ஆகஸ்ட் 30ஆம் திகதி, உணவுப் பொருட்களுக்காக மீண்டும் அவசரகாலம் பிரகடனமானது. களஞ்சியங்களைக் கையகப்படுத்த இராணுவ மேஜர் ஜெனரல் ஒருவர் ஆணையாளர் நாயகமாக நியமிக்கப்பட்டார். ஆயினும் செப்டெம்பர் முடிவதற்குள் அரிசிக்கான உச்சபட்ச விலை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆலைக்காரர் முன் அரசாங்கம் இறங்கிவந்தது.

இரண்டு காலங்களையும் ஒப்புநோக்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான். அரசிடம் போதிய நெல்லும் களஞ்சியமும் இல்லாதபோது சட்டத்தால் ஆலைக்காரரை அசைக்க முடிவதில்லை. பையோடு பஸ்ஸில் போகிறவரைத்தான் பிடிக்க முடிகிறது. 2015இல் கொள்வனவு செய்த நெல்லை வைக்க இடமின்றி மத்தளை விமான நிலையக் கட்டடத்தைப் பயன்படுத்திய நாடு இது.

வீதித் தடைகளில் நின்றவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். சட்டத்தின் வாசகம் அச்சில் கிடக்கும். அவர்களுடைய அனுபவம் நாம் கேட்டு எழுதினால் மாத்திரமே மிஞ்சும்.